மாமா சொன்ன ‘ரைட்டு’

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் மாமாவும் இங்கே சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா, பாப்பாவுக்குச் சளி விட்டதா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

மாமா கடிதம் எழுதுவதில்லை என்று கோபப்பட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்தேன். ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு வெகுநேரம் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

“எதையாவது எழுதுங்க மாமா.”

“என்னத்தை எழுதறது? நல்லா இருக்கேன். அதான் நீ எழுதுறியே, அதுலயே ஒரு ஓரமாப் போட்டுடு.”

“அக்கா திட்டும்.”

“ரைட்டு” என்று பேனாவை மூடிவிட்டார். அவ்வளவுதான் அக்கா, அவர் உனக்கு எழுதிய கடிதம்.

தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது பிடித்த வார்த்தை அவரை இன்னும் விடவில்லை. இங்கே வேலைத்தளம் முழுக்க அவருக்குப் பெயரே ‘ரைட்டு’தான். பத்து நாட்டுக்காரன் இருக்கிறான், ஒருத்தன் பேசுவது ஒருத்தனுக்குப் புரியாது, ஆனால் மாமாவைக் கண்டால் எல்லோரும் “ரைட்டு!” என்று கை தூக்குகிறார்கள். போன வாரம் ஃபோர்மேன் அவரிடம் பலகைகளை வலது பக்கம் அடுக்கச் சொல்லி, “ரைட், ரைட்” என்று இங்கிலீஷில் கத்தியிருக்கிறார். ‘சரி, போகலாம்’ என்கிறார் என்று நினைத்து மாமா நேராக டீ குடிக்கப் போய்விட்டார்!

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கிரேன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் நான். கீழே இருந்து பார்த்தால் தீப்பெட்டி மாதிரிதான் தெரியும். கட்டடத்தின் பின்பக்கம் எனக்குத் தெரியாது. அங்கே மாமா வாக்கி டாக்கியோடு நிற்பார். அவர் கண்தான் என் கண். தூக்குவதற்கென்று கம்பெனி ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பழக்கியிருக்கிறது. அதைக் கேட்காமல் நான் கைப்பிடியைத் தொடக்கூடாது என்பது சட்டம். அது மாமா வாயில் நுழையவில்லை. நான் “தூக்கலாமா மாமா?” என்பேன், அவர் “ரைட்டு” என்பார், நான் தூக்குவேன். வந்த நாளிலிருந்து இப்படியே ஓடுகிறது.

உன் கையால் நாலு வரி வந்தால் இங்கே ரெண்டு பேருக்கும் பசி அடங்கும்.

உன் தம்பி.

*

மார்ச் 1

அன்புள்ள சின்னவனுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். இடுப்பு வலி என்னோடு குடித்தனம் நடத்துகிறது, அதை விடு. நீ குளிரில் மேலே உட்கார்ந்திருக்கிறாய், காதை மூடிக்கொள்கிறாயா?

உன் மாமாவின் ‘ரைட்டு’ பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா? அதோடு பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தவள் நான். சோறு போதும் என்றால் ரைட்டு. இன்னும் கொஞ்சம் போடு என்றாலும் ரைட்டு. வேண்டாத சொந்தம் வாசலில் வந்து நின்றால் என்னைப் பார்த்து மெதுவாக ஒரு ரைட்டு. நான் கத்தித் தீர்த்த பிறகு, ‘நீ சொன்னது கேட்டது, ஆனால் நான் கேட்கப்போவதில்லை’ என்பதற்கு ஒரு ரைட்டு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பஸ்ஸைத் தட்டுகிற மாதிரியே என் முதுகைத் தட்டி, “ரைட்டு, ரைட்டு” என்றார். சிரிப்பு வந்து அழுகை நின்றுபோனது.

உன் கடிதத்தைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் போய், ரைட்டுக்கு எத்தனை அர்த்தம் என்று டீச்சரைக் கேட்டிருக்கிறாள். “சரி, வலது, உரிமை, நியாயம், நேர்” என்று ஆரம்பித்த டீச்சர், பாதியில் மூச்சு வாங்கி, “உட்கார்” என்று சொல்லிவிட்டாராம். அகராதியில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறதாம். எங்கள் தையல் கம்பெனியில் எனக்கு ஒரே அர்த்தம்தான். நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் போடுகிற சட்டையைச் செக்கிங் அம்மா திருப்பிப் பார்த்துச் சாக்பீஸால் ஒரு ரைட் போட்டால் அது தேறியது. போடவில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும்.

அது கிடக்கட்டும். அந்த இங்கிலீஷ் சொல்லை அவருக்கு எப்படியாவது பழக்கு. சட்டம் என்று வைத்திருக்கிறார்கள் என்றால் ஏதோ காரணம் இருக்கும். நீ படித்தவன், அவருக்குச் சொல்லிக்கொடு.

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தைரியத்தில்தான் நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறேன்.

உன் அக்கா.

*

ஏப்ரல் 12

சின்னவனுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா என்பதை இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

உன்னிடமிருந்து வந்தது நாலே வரி. ‘நலம். வேலை கொஞ்ச நாளாக நின்றிருக்கிறது. மாமா வேறு விடுதிக்கு மாறியிருக்கிறார். கவலைப்படாதே.’ கவலைப்படாதே என்று நீ எழுதியது இதுதான் முதல் தடவை. அதைப் படித்த பிறகுதான் கவலையே வந்தது.

எதற்கு வேலை நின்றது? மாமா எதற்கு வேறு விடுதிக்குப் போனார்? ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நீங்கள்.

மளிகைக் கடைப் போனுக்கு நீ கூப்பிட்டபோது ஓடி வந்தேன். கடை நிறைய ஆட்கள். “நல்லா இருக்கியாடா?” என்றேன். “ம்” என்றாய். “மாமா?” என்றேன். “லைன் சரியில்லக்கா” என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடுவது வரைக்கும் கேட்டது.

நேற்று இங்கே பட்டன் தைக்கிற பெண் சொன்னாள். அவள் கொழுந்தனும் அந்தப் பக்கம்தான் வேலை செய்கிறானாம். ஒரு கட்டடத்தில் கம்பிக்கட்டு மோதி ஒரு ஆளுக்கு முதுகெலும்பு போய்விட்டதாம். கிரேன் வேலை என்றானாம். ஆறு சட்டையில் காஜாவைக் கோணலாக எடுத்துவிட்டேன்.

உங்கள் கிரேனா? உள்ளதை உள்ளபடி எழுது. சின்ன வயதில் தட்டை உடைத்தால்கூட நேராக வந்து, “உடைச்சிட்டேன்கா” என்று நிற்பாய். அதே மாதிரி எழுது.

அக்கா.

*

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு ஒன்றுமில்லை. மாமாவுக்கும் ஒன்றுமில்லை. அதை முதலில் நம்பு.

எங்கள் கிரேன்தான்.

கம்பிக்கட்டு பின்பக்கம் தரையில் கிடந்தது. மாமா கொக்கியை மாட்டியிருந்தார். நான் வழக்கம்போல, “தூக்கலாமா மாமா?” என்றேன். கொஞ்ச நேரம் கரகர என்றது. பிறகு “ரைட்டு” என்று தெளிவாகக் கேட்டது. தூக்கினேன். கட்டு தரையை விட்டு எழும்போது ஒரு பக்கமாக வீசிக்கொண்டு போனது. அங்கே குழாய் வேலைக்காரர் ஒருத்தர் குனிந்து தன் டிரில் மெஷினை எடுத்துக்கொண்டிருந்தார். கட்டு அவரைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது. மாமா கத்தியதும் நிறுத்திவிட்டேன். நிறுத்தி என்ன, எல்லாம் முடிந்த பிறகு.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கண் திறக்கிறார், பேசுவதில்லை.

அந்த ‘ரைட்டு’ குழாய்க்காரர் தன்னிடம் கேட்டதற்குச் சொன்ன பதில் என்கிறார் மாமா. எனக்கில்லையாம். எனக்கு எப்படித் தெரியும் அக்கா? நான் கேட்டேன், பதில் வந்தது. குழாய்க்காரர் குரல் என் காதில் விழவில்லை. வானத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் குரலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

விசாரணை நடக்கப்போகிறது. ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்று மாமாவை வேறு விடுதியில் வைத்திருக்கிறார்கள். இங்கே எல்லோரும் சொல்வது இதுதான். மாமா எனக்குச் சொன்னார் என்றால், எந்தச் சொல்லானாலும் அது சிக்னல், தவறு மாமா மேல். எனக்குச் சொல்லவில்லை என்றால், சட்டப்படியான சொல் வராமல் தூக்கிய தவறு என் மேல். ரெண்டு பேர் மேலும் இல்லை என்று எழுத அவர்களிடம் இடமே இல்லையாம்.

அவர் பேச்சு உனக்குத்தான் அத்துப்படி. யாரோடு பேசினாலும் அவர் ரைட்டு ஒரே மாதிரிதானே இருக்கும்? நான் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்று யாராவது சொல்ல முடியுமா? மாமா உனக்கு ஏதாவது எழுதினாரா? என்ன எழுதினார்?

பாப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

தம்பி.

*

மே 6

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். அங்கே நலமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதுகிறேன் என்றதுமே ஏதோ நடந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

சின்னவன் விஷயத்தை எழுதியிருப்பான். நான் என் பக்கத்தை எழுதிவிடுகிறேன். கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பினேன். சின்னவன், “தூக்கலாமா?” என்றான். ‘கொஞ்சம் இரு’ என்று சொல்லத்தான் வாக்கி டாக்கி பட்டனை அழுத்தினேன். அதற்குள் குழாய்க்காரர் ஓடி வந்து, “மெஷினை எடுத்துக்கட்டுமாண்ணே?” என்று கேட்டார். தினம் பார்க்கிற முகம். திரும்பி “ரைட்டு” என்றேன். விரல் பட்டனிலேயே இருந்திருக்கிறது. நடந்தது இதுதான். எழுதினால் நாலு வரிதான் வருகிறது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயத்தை யார் நம்புவார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருக்கும் பாப்பா வயதில் ஒரு பெண் இருக்கிறதாம்.

சின்னவனைத் திட்டி எழுதாதே. அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

வேறு விசேஷமில்லை.

பாப்பாவின் அப்பா.

*

மே 26

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே உடம்புக்குக் குறைவில்லை. நீ சாப்பிடுவதில்லையாம். சாப்பிடு.

உன் கடிதமும் மாமா கடிதமும் ஒரே நாளில் வந்தன. ரெண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ரெண்டும் பொய் இல்லை. அதுதான் எனக்கு வந்த கேடு. ஒன்று பொய்யாக இருந்தால் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு அழலாம்.

அவர் ரைட்டு ஒரே மாதிரிதானே இருக்கும் என்று கேட்கிறாய். பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரியும். முகத்தைப் பார்த்தால் தெரியும். நீ முகம் தெரியாத உயரத்தில் இருந்தாய். நான் இன்னும் தூரத்தில் இருக்கிறேன். என்னைப் போய்க் கேட்கிறாயே.

நான் என்ன எழுத வேண்டும் என்று நினைக்கிறாய்? உன் பக்கம் எழுதினால் பாப்பாவுக்கு அப்பா இல்லை. அவர் பக்கம் எழுதினால், அம்மா போன பிறகு இடுப்பில் வைத்து வளர்த்த உன்னை நானே பிடித்துக் கொடுத்தது போல. சட்டையாக இருந்தால் பிரித்துத் தைத்துவிடுவேன். இதில் எந்தப் பக்கம் கத்தரி வைத்தாலும் என் துணிதான் போகிறது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரெண்டு பேரும் நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள். தினமும் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் வேலை செய்தோம், ஃபோர்மேனுக்கும் தெரியும், யாரும் தடுக்கவில்லை என்று சொல்லுங்கள். அவர் விட்டதை நீ சொல்லு, நீ விட்டதை அவர் சொல்லட்டும். மாமாவுக்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

குழாய்க்காரர் பிழைத்து எழுந்துவிட்டால் அவரே சொல்லிவிடுவார். அவருக்காகத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். முகம் தெரியாத மனிதர். அவர் வாய் திறந்தால் என் வீட்டில் ஒருத்தன் போவான் என்று தெரிந்தும் அவர் பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சீக்கிரம் எழுது.

அக்கா.

*

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் விசாரணைக்கு முந்தின நாள் கிடைத்தது. சுகமாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்.

குழாய்க்காரர் இறந்துவிட்டார். ரெண்டு வாரம் ஆகிறது. அதனால் கம்பெனி விசாரணையாக ஆரம்பித்தது கோர்ட் வரைக்கும் போய்விட்டது.

கோர்ட் என்றாலும் ஒரு சின்ன அறைதான். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எங்களுக்கு மொழிபெயர்க்க, ஆள் எடுக்கும் ஏஜென்சி கிளார்க் வந்திருந்தார். நம் பாஷை அவருக்கு அரைகுறை. ரைட் என்றால் என்ன பொருளில் சொன்னீர்கள் என்று மாமாவைக் கேட்டார்கள். மாமா, சரி என்றுதான் சொன்னேன் என்றார். அதைக் கிளார்க் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். பிறகு என்னைக் கேட்டார்கள். என்ன கேட்டாய், என்ன பதில் வந்தது என்றார்கள். சொன்னேன். அவ்வளவுதான் கேட்டார்கள்.

மாமாவுக்கு ரெண்டு வருஷம். தூக்கலாம் என்று சிக்னல் கொடுத்தது அவர் என்று முடிவாகிவிட்டது. என் மேல் தவறில்லை என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து கூண்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

போகும்போது மாமா என் தோளைத் தட்டி, “அக்காவுக்கு நீயே எழுதிடு” என்றார்.

எழுதிவிட்டேன் அக்கா.

தம்பி.

*

ஜூலை 8

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். இங்கே மாதம் ஒரு கடிதம் எழுதலாம், விசேஷ அனுமதி கேட்டால் ரெண்டு. வெளியே இருந்தபோது ஒன்றே ஒன்று எழுதியவன், உள்ளே வந்த பிறகு கடிதக்காரன் ஆகிவிட்டேன். நீ சிரித்தால் நல்லது.

அறையில் எட்டுப் பேர். சன்னல் இருக்கிறது. சலவைப் பிரிவில் வேலை. போர்வைகளை ரெண்டு பேராகப் பிடித்து முறுக்க வேண்டும். என்னோடு முறுக்குகிறவன் பேச்சு எனக்குப் புரியாது. “ரைட்டு” என்றால் சிரிக்கிறான். அந்த வார்த்தையை விட்டுவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன். நாக்கு கேட்க மாட்டேன் என்கிறது.

நீ எழுதியபடி எல்லாவற்றையும் முழுசாகத்தான் சொன்னேன். குறை வைக்கவில்லை. என்ன பொருளில் சொன்னாய் என்றார்கள். “சரின்னு சொன்னேங்க. ஆனா கிரேனுக்குச் சொல்லலே. குழாய்க்காரர் மெஷினை எடுத்துக்கட்டுமான்னு கேட்டாரு, அவருக்குச் சொன்னேன். விரல் பட்டன்ல இருந்துடுச்சு” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கிளார்க் அதை ரெண்டு மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். ‘கரெக்ட்’ என்பது மட்டும் என் காதில் விழுந்தது. நான் அவ்வளவு நீளமாகச் சொன்னதை இவர் இவ்வளவில் முடிக்கிறாரே, இங்கிலீஷ் சுருக்கமான பாஷைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ கவலைப்பட்டு இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பாப்பாவிடம் தூரத்தில் வேலை என்று சொல். பொய்யும் இல்லை.

பாப்பாவின் அப்பா.

*

ஜூலை 24

சின்னவனுக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

மாமா கடிதம் வந்தது. அந்த அறையில் தான் என்ன சொன்னார் என்பதை வார்த்தை வார்த்தையாக எழுதியிருக்கிறார். நீயும் எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் ‘சரி’ மட்டும் இருக்கிறது. அவர் கடிதத்தில் அதற்குப் பிறகு குழாய்க்காரர் இருக்கிறார், மெஷின் இருக்கிறது, பட்டனில் விரல் இருக்கிறது.

அந்தக் கிளார்க் பாதியை விழுங்கிவிட்டார். பாஷை தெரியாமலோ அவசரத்திலோ விழுங்கினார். அவர் யாரோ. அவரை நான் என்ன கேட்பது? மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நம் பாஷை தெரியாது. ரெண்டும் முழுசாகத் தெரிந்தவன் அந்த அறையில் நீ ஒருத்தன்தான்.

உனக்குக் கேட்டதா, கேட்கவில்லையா?

நீ பொய் சொன்னாய் என்று நான் எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாய், கேட்காததற்குச் சொல்லவில்லை. அதை ஒரு தடவை எழுதியாவது சொல் என்கிறேன். ‘கேட்டுச்சுக்கா, பயமா இருந்தது’ என்று ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு நான் எந்தக் கோர்ட்டுக்கும் போகப் போவதில்லை. போக எனக்கு வழியும் தெரியாது. ஆனால் தெரியாமல் இருக்க முடியவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் துணி தெரிவதில்லை, அந்த அறைதான் தெரிகிறது. நீ எந்த நாற்காலியில் இருந்தாய், கை எங்கே இருந்தது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் கை போகிறது. பார்த்துக்கொள்.

அக்கா.

*

ஜூலை 27

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். விசேஷ அனுமதி வாங்கி இதை எழுதுகிறேன். பதறாதே, எனக்கு ஒன்றுமில்லை.

போன கடிதத்தில் இங்கிலீஷ் சுருக்கமான பாஷை என்று விளையாட்டாக எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. நீ கெட்டிக்காரி, அந்த வரியைப் பிடித்துக்கொண்டு யோசிப்பாய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கிளார்க் பேசி முடித்ததும் நான் சின்னவனைத்தான் பார்த்தேன். முழுசாகச் சொன்னாரா இல்லையா என்பது அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? தெரிந்துவிட்டது. எழுந்திருக்கப் போகிற மாதிரி நாற்காலி நுனிக்கு வந்தான். வாய்கூடத் திறந்தது. பிறகு மெதுவாகப் பின்னுக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்க்கவே இல்லை.

நான் கத்தியிருக்கலாம். இன்னும் இருக்கிறது, முழுசாகச் சொல்லு என்று கிளார்க்கிடம் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. பெரிய தியாகம் என்று நினைக்காதே. அவன் இப்படி உட்கார்ந்துவிட்டானே என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பிறகு இங்கே வந்து படுத்து யோசித்தேன். நான் கத்தியிருந்தால் இந்த இடத்தில் அவன் படுத்திருப்பான். இருபத்து நாலு வயது. போர்வை முறுக்கக்கூடத் தெம்பு இருக்காது அவனுக்கு.

அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன். இப்போது குறைந்து வருகிறது. எனக்கு ரெண்டு வருஷம், முடிந்துவிடும்.

ஒன்றே ஒன்று. அவனை நீ எதுவும் கேட்டுவிடாதே. கம்பெனி கேட்டால் தாங்குவான், போலீஸ் கேட்டால் தாங்குவான், நான் கேட்டால்கூட ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். நீ கேட்டால் உடைந்துவிடுவான். உனக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று எழுது. நான் வந்த பிறகு, மூன்று பேரும் உட்கார்ந்து எப்படியோ பார்த்துக்கொள்ளலாம்.

பாப்பாவின் அப்பா.

*

செப்டம்பர் 2

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் இங்கே டைல்ஸ் ஒட்டுகிறவன், உங்கள் தம்பியோடு ஒரே அறையில் இருந்தவன். ‘டைல்ஸண்ணே’ என்று உங்களுக்கு எழுதியிருக்கலாம். கட்டிலுக்கு அடியில் கிடந்த கடித உறையில் உங்கள் விலாசம் பார்த்து எழுதுகிறேன். உறை மட்டும்தான் இருந்தது, கடிதம் இல்லை.

தம்பி இங்கே இல்லை அம்மா. போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று மாடிப்படியில் உட்கார்ந்து படித்தான். “வீட்ல ஏதாவது விசேஷமா?” என்று கேட்டேன். “இல்லண்ணே, அக்கா ஒண்ணு கேட்டிருக்கு” என்றான். மறுநாள் கூண்டுக்குப் போகவில்லை. நேராக ஆபீசுக்குப் போய், நான் ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்குச் சொல்லாமல் விட்டது என்று நின்றிருக்கிறான். கேஸ் முடிந்துவிட்டது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, கோர்ட்டுக்குப் போ என்றார்களாம். கோர்ட்டுக்குப் போனால் வக்கீலோடு வா என்றார்களாம். அந்தக் கிளார்க் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். ஜெயிலுக்கும் போனான். ரத்த சம்பந்தம் இருந்தால்தான் பார்க்கலாம் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். வாரம் முழுக்க இப்படியே அலைந்தான். “எங்க போனாலும் சரி சரின்னு கேட்டுக்கிட்டு அனுப்பிடறாங்கண்ணே” என்றான்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அடையாள அட்டையை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பெட்டியோடு பஸ் ஏறியதைச் சமையல்காரர் பார்த்திருக்கிறார். எந்த பஸ் என்று கவனிக்கவில்லை என்கிறார். பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன் எங்கேயோ வேலை தேடித்தான் போயிருப்பான், நீங்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். அங்கே வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எனக்குத் தெரிந்தால் நான் எழுதுகிறேன்.

அவன் மேல்சட்டை ஒன்று கொடியில் இருக்கிறது. எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டைல்ஸ் வேலைக்காரன்.

*

செப்டம்பர் 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் கை எப்படி இருக்கிறது? ஈரத்தில் நின்று விரல் இடுக்கு வெந்துபோகும். தேங்காயெண்ணெய் கிடைத்தால் தடவிக்கொள்ளுங்கள்.

பாப்பா ஒரு வகுப்பு மேலே போய்விட்டாள். உயரமும் கூடிவிட்டது, பழைய பாவாடை எல்லாம் மடிப்புப் பிரித்து விடுகிறேன். உங்களைக் கேட்டால் தூரத்தில் வேலை என்றுதான் சொல்கிறேன். “எவ்வளவு தூரம்?” என்கிறாள். பஸ்ஸில் போக முடியாத தூரம் என்றேன். எனக்குக் கம்பெனியில் வேலை சரியாக இருக்கிறது. இடுப்பு பரவாயில்லை.

நீங்கள் எழுதியபடி சின்னவனை நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. அதைப் படித்த பிறகு உங்கள் மேல் எனக்கு இருந்த பழைய சண்டை எல்லாம் போய்விட்டது.

அவன் நன்றாக இருக்கிறான். கிரேன் வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டான். அதுவும் நல்லதுதான், அந்த உயரம் எனக்கு எப்போதுமே பிடிக்கவில்லை. இப்போது வேறு ஊரில் தரையில் வேலையாம். புது இடம், விலாசம் இன்னும் நிலையாகவில்லை, ஆனதும் உங்களுக்கு அனுப்புகிறேன். வேலை அதிகம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை என்கிறான். சாப்பிடுகிறானாம். ராத்திரி தூக்கம் வருகிறதாம். உங்களைப் பார்க்க ஒரு தடவை வந்தானாம், உள்ளே விடவில்லையாம். மாமா வருத்தப்பட வேண்டாம் என்று எழுதச் சொன்னான்.

குளிர்காலம் வருகிறதே, மாமாவுக்கு ஒரு கம்பளி அனுப்பினால் ஜெயிலில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறான். அங்கே விசாரித்து அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள். அவனுக்கு நான் பதில் எழுத வேண்டும்.

பாப்பாவின் அம்மா.